பாளையங்கோட்டையில இருந்து ரெண்டு நாள், நாலுவழிச்சாலை வேண்டாம்: எந்த ரோட்டுல போகலாம்?

பாளை மருமகள்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் கோயமுத்தூர்க்காரி, பாளையங்கோட்டைக்கு வாக்கப்பட்டவ. பொழப்பு சென்னையில. ஊருக்கு வந்தா நெல்லையப்பர் கோயில், அல்வா, திரும்ப ரயில் ஏர்றதுன்னே போயிடுதுங்க. இந்தத் தை மாசம் காணும் பொங்கலுக்கு அப்புறம் ரெண்டு நாள் கையில இருக்குது. வீட்டுல சின்ன கார் நிக்குது, நானே ஓட்டுவேன். வீட்டுக்காரருக்கு லீவு இல்ல. கூட வர்றது எங்க அத்தையும் ஏழாவது படிக்கிற பையனும். அத்தைக்கு முழங்கால் வலி, பத்துப் படிக்கு மேல ஏற மாட்டாங்க. பையனுக்குப் பறவைன்னா உசுரு.

நான் போட்டு வச்சது இதுதானுங்க. முதல் நாள்: கிருஷ்ணாபுரம், பாபநாசம், அகஸ்தியர் அருவி, காரையாறு, மணிமுத்தாறு, மாஞ்சோலை, குற்றாலம், தென்காசி. ரெண்டாம் நாள்: நவதிருப்பதி பெருமாள் கோயில் ஒன்பதும், திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கூந்தன்குளம். ரெண்டு ராத்திரியும் பாளைக்கே திரும்பிடணும்.

கூகுள் மேப்புல கூட்டிப் பார்த்தா முடியும்னுதான் காட்டுது. அத்தை பார்த்துட்டு, "இதுல எங்கயாச்சும் எறங்க விடுவியா, இல்ல வண்டிக்குள்ள இருந்தே கும்பிடவா"ன்னு கேட்டுட்டாங்க. நாலுவழிச்சாலையில போய் வர எனக்கும் இஷ்டமில்லீங்க. வயலு, வாய்க்காலு, ஊருக்குள்ள பூந்து போற ரோடுதான் வேணும். எதை விடலாம், எதை விடக்கூடாது, சாப்பாடு, கழிப்பறை, வண்டிக்கு என்ன பார்த்துக்கணும், எல்லாம் சொல்லுங்க.

லைன்வண்டி:

தங்கச்சி, முத நாளுக்கு எட்டு இடம் எழுதியிருக்கீங்க. அதுல கோயிலுக்கு நீங்க போய்ச் சேரும்போது நடை சாத்தியிருக்கும், காட்டுக்குப் போய்ச் சேரும்போது செக்போஸ்ட்ல கம்பு போட்டிருக்கும். மேப்புக்குக் கிலோமீட்டர் தெரியும். 12 மணிக்குச் சாத்துன கோயிலை சாயங்காலம் 4, 5 மணிக்குத்தான் திரும்பத் தொறப்பாங்கன்னு அதுக்குத் தெரியாதுல்லா.

நான் கடைகடையா பிஸ்கட்டு, சோப்பு, தீப்பெட்டி போடுத லைன் வண்டிக்காரன். அம்பை லைன், முக்கூடல் லைன், திசையன்விளை லைன் எல்லாம் என் கையிலதான் இருக்கு. அந்தப் பழக்கத்துல சொல்லுதேன், எடுத்துக்கிடுததை எடுத்துக்கிடுங்க.

முதல்ல அடிக்க வேண்டியதை அடிச்சிருவோம். கிருஷ்ணாபுரம் பாளைக்குக் கிழக்க, பாபநாசம் மேக்க. அதை ரெண்டாம் நாளுக்குத் தள்ளுங்க. மாஞ்சோலை புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கு, வனத்துறை அனுமதி இல்லாம காரை ஏற விடமாட்டாங்க. ஒரு நாள் ஓட்டத்துல அதை வைக்கவே கூடாது. குற்றாலமும் தென்காசியும் இந்தத் தடவை வேண்டாம். ஆனி, ஆடில சாரல் அடிக்கும்போது வாங்க, அதுக்குன்னே ஒரு நாள் குடுங்க.

மிச்சம் இருக்கதுக்கு ஆறுதான் வழி. தாமிரவரணிக்குத் தென்கரைல ஒரு ரோடு, வடகரைல ஒரு ரோடு. காலம்பற தென்கரைல மேக்க போங்க, சாயங்காலம் வடகரைல கிழக்க திரும்புங்க. போன ரோட்டையே திரும்பப் பாக்க வேண்டாம். அதை விட முக்கியம், போகும்போதும் வெயில் முதுகுல, வரும்போதும் வெயில் முதுகுல. வண்டி ஓட்டுதவங்களுக்கு வேற என்ன வேணும்? மாத்திப் போயிட்டீங்கன்னா ரெண்டு நேரமும் கண்ணைச் சுருக்கிக்கிட்டே ஓட்டணும். காலை வெயில் பட்டா பொதிகை மலை மடிப்பு மடிப்பா தெரியும். வெயில் ஏறுனா அதுவும் மங்கிரும்.

ஆறரைக்குக் கிளம்புங்க. மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், தருவை, பத்தமடை, சேரன்மாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, ஆத்துப் பாலம் தாண்டி அம்பாசமுத்திரம், அதான் அம்பை. மொத்தம் 40 கிலோமீட்டருக்குள்ளதான். ஆனா ஊருக்கு ஊர் வேகத்தடை, டவுன் பஸ், ரோட்டை மறிச்சு நிக்க ஆடு. ஒண்ணரை மணி நேரம்னு வைங்க, நடுவுல இறங்குனா ரெண்டரை.

நடுவுல எங்க இறங்கணும்? பத்தமடைல கோரைப்பாய். வீட்டுக்குள்ளயே தறி போட்டு நெய்யுதாங்க, பெரும்பாலும் முஸ்லிம் வீட்டுப் பொம்பளைங்க. கல்யாணப் பாய்ல பொண்ணு மாப்பிள்ளை பேரை நெசவுலயே கொண்டு வந்திருவாங்க. அத்தைக்கு உக்கார இடம் குடுப்பாங்க, பேச ஆளும் கிடைக்கும், அந்த இடத்தை விட்டு அவங்களைக் கிளப்புததுதான் உங்களுக்குச் சிரமம். காருகுறிச்சில மண்பாண்டம். பொங்கலுக்கு முன்னால போனா குயவர் வீட்டுல உங்ககிட்ட பேச நேரம் இருக்காது. பொங்கல் கழிஞ்சு போறீங்கள்லா, சாவகாசமா காட்டுவாங்க. குழம்புச் சட்டி வாங்கினா வைக்கோல் சுத்தித் தரச் சொல்லுங்க, சட்டியை டிக்கில வைக்காதீங்க, பின்சீட்டுக் காலடில வைங்க. நம்ம ரோட்டு வேகத்தடை சட்டியைத் தாங்காது.

சேரன்மாதேவியில இருந்து கல்லிடை வரைக்கும் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். தை மாசம் பிசான நெல்லு கதிர் வாங்கி நிக்கும். மாசி, பங்குனில வந்தா அறுப்பு, ரோட்டுலயே நெல்லைக் காயப் போட்டிருப்பாங்க. நீங்க வார நேரம்தான் பச்சை.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா. மேப் கால்வாய்க்கரையையும் ரோடுன்னு காட்டும், குறுக்கு வழின்னு உள்ள இழுக்கும். டிராக்டர் போற தடம் அது, ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் வயல், திருப்ப இடம் கிடையாது. வீரவநல்லூர்ப் பக்கம் ஒரு வெளியூர்க் கார் ரிவர்ஸ்லயே ஊர் வரைக்கும் வந்ததைப் பாத்திருக்கேன். பஸ் போற ரோட்டை விட்டு இறங்காதீங்க. சந்தேகம்னா டீக்கடைல கேளுங்க. "பஸ் போகுமா"ன்னு கேக்கணும். "போகலாமா"ன்னு கேட்டா எல்லாரும் போகலாம்னுதான் சொல்லுவாங்க.

அம்பைல காலைச் சாப்பாடு. அங்கயே பஸ் ஸ்டாண்டுல கழிப்பறை முடிச்சிக்கிடுங்க. அப்புறம் மன்னார்கோவில், பிரம்மதேசம் ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர். மன்னார்கோவில் குலசேகர ஆழ்வார் கடைசியா வந்து தங்குன இடம்னு சொல்லுவாங்க. பிரம்மதேசம் கைலாசநாதர் கோயில் நம்பவே முடியாத அளவுக்குப் பெருசு, ஆளே இருக்காது. ரெண்டையும் 12 மணிக்குள்ள முடிச்சிருங்க. நடை சாத்துத நேரத்தைத் தண்ணிக்கு வைங்க: பாபநாசம். கோயில் முன்னால ஆத்துல அத்தை காலை நனைச்சுட்டு வரட்டும், படி வழுக்கும், பையன் கையைக் குடுக்கட்டும். சோத்துப் பொட்டலத்தை வெளிய எடுத்தா குரங்கு வாங்கிக்கிட்டுப் போயிரும், கார் கண்ணாடியை ஏத்திட்டுச் சாப்பிடுங்க.

மூணரைக்குக் கிளம்பி ஆழ்வார்குறிச்சி, சிவசைலம். கடனாநதிக் கரையில கோயில், பின்னால மலை. நாலு மணிக்குப் போனா நடை தொறக்கும்போது நிப்பீங்க. அங்கேருந்து பொட்டல்புதூர். அந்தத் தர்காவுக்கு ரெண்டு சனமும் போவாங்க. பொட்டல்புதூர்ல தென்காசி ரோட்டை விட்டுட்டு கிழக்க திரும்புங்க, பாப்பாக்குடி, முக்கூடல் வழி. இதுதான் நான் சொன்ன வடகரை.

இந்த ரோட்டுல விடவே கூடாதது திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரவரணில வந்து சேருத இடம். ஆத்தங்கரைல பெரிய பெரிய மருத மரம், அதுல நாரையும் கொக்கும் அரிவாள் மூக்கனும். இந்தியாவுலயே முதல் முதலா 2005ல பறவைக்காகப் பாதுகாப்பு ஒதுக்கிடம்னு அறிவிச்சது இந்த ஊரைத்தான். அஞ்சே காலுக்குள்ள போயிருங்க, ஆறே காலுக்கெல்லாம் பொழுது அடைஞ்சிரும். பறவை கூடு அடையுத நேரம். மரத்துக்கு நேர் கீழ நிக்கும்போது குடை பிடிங்க, வெயிலுக்குச் சொல்லலை. நாறும்பூநாதர் கோயில் ராஜகோபுரத்துக்குள்ள அஞ்சு நிலையிலயும் சுவர் ஓவியமும் மரச்சிற்பமும் இருக்கு. பூட்டித்தான் வச்சிருப்பாங்க, ஏறுததும் செங்குத்து. அத்தைக்கு ஆகாது, உங்க அதிர்ஷ்டம் இருந்தா அனுமதி கேட்டுப் பாருங்க.

பெறவு முக்கூடல், சுத்தமல்லி, பேட்டை, டவுன். ஏழரைக்கு வீடு.

வி.கே.புரம் பையன்:

அண்ணாச்சி, என்னய்யா இது, பாபநாசம் வரைக்கும் வந்துட்டு அருவில குளிக்காம போறதா? ஏழாவது படிக்கிற பையனை மன்னார்கோவிலுக்கும் பிரம்மதேசத்துக்கும் கூட்டிட்டுப் போனா வழி முழுக்க போனைத்தான் பாப்பான். மணிமுத்தாறு போங்க அக்கா, அணை, அருவி ரெண்டும் இருக்கு. இல்லன்னா அகஸ்தியர் அருவி. கோயிலை ஒண்ணைக் குறைங்க.

லைன்வண்டி:

தம்பி சொல்லுததுல பாதி சரி. அகஸ்தியர் அருவிக்கு நடையும் படியும் உண்டு, முழங்கால்காரங்களைக் கீழ தனியா உக்கார வைக்கணும். மணிமுத்தாறு அருவி அணைக்கு மேல காட்டுக்குள்ள, தண்ணி கூடுனா தடை போட்டிருவாங்க, போய் நின்னுட்டுத் திரும்புனவங்க நிறைய. அதை நம்பி ஒரு நாளைக் கட்ட முடியாது.

பையனுக்காக ஒண்ணு செய்யலாம். பிரம்மதேசத்தை விட்டுட்டு, கல்லிடையில இருந்து மணிமுத்தாறு அணை வரைக்கும் மட்டும் போயிட்டு வாங்க. 1958ல கட்டுன அணை. தண்ணியும் மலையும் ஒண்ணா தெரியும். அருவி தொறந்திருக்கான்னு அங்க கேட்டுக்கிடுங்க, தொறந்திருந்தா லாபம். ஆனா என் ஓட்டு பிரம்மதேசத்துக்குத்தான். அருவி எங்கயும் இருக்கு.

காரையாறையும் விட்டிருங்க. செக்போஸ்ட்ல வண்டியை நிறுத்தி பிளாஸ்டிக் சோதனை, அப்புறம் மலை ரோடு, திரும்பி வாரதுக்குள்ள உங்க சாயங்காலம் போயிரும். திருப்புடைமருதூரும் கிடைக்காது.

கல்லிடைக்குறிச்சிக்காரி:

எங்க ஊரைப் பாலம் தாண்டுத வழியா மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரே அண்ணாச்சி! அப்பளம் வாங்காம கல்லிடையைத் தாண்டுதவங்க உண்டா? உளுந்தப்பளம் மட்டும் கேக்காதீங்க, அரிசி அப்பளமும் கேளுங்க, அத்தைக்குத் தெரிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு, குலசேகரமுடையார் கோயில் நடராஜர். 1982ல திருட்டுப் போய், ஆஸ்திரேலியாவுல ஒரு கலைக்கூடத்துல இருந்து 2019ல திரும்ப வந்த சாமி. ஊரே திரண்டு வரவேற்றோம். காலைல நீங்க வார நேரத்துக்கு நடை தொறந்திருக்கும், சாமி எங்க இருக்குன்னு மட்டும் உள்ள கேட்டுக்கிடுங்க.

மதியச் சாப்பாட்டுக்கு ஓட்டலைத் தேட வேண்டாம் மா. காணும் பொங்கல் முடிஞ்ச மறுநாளும் பாபநாசத்துல கூட்டம் இருக்கும். வீட்டுல இருந்தே கூட்டாஞ்சோறோ புளிச்சோறோ கட்டிக்கிடுங்க. உங்க மாமியாகிட்ட கூட்டாஞ்சோறுன்னு சொல்லிப் பாருங்க, முந்தின ராத்திரியே முருங்கைக்கீரை உருவ உக்காந்திருவாங்க.

தேரிமணல்:

ரெண்டாம் நாளைப் பத்தி யாரும் பேசலையே, நான் சொல்றேன். திசையன்விளைப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். நவதிருப்பதி ஒன்பதையும் ஒரே நாள்ல பார்க்கிறவங்க உண்டு, ஆனா அவங்க வேற எதையும் பார்க்க மாட்டாங்க. மேடம் கடலும் போகணும்னா ஒன்பதுல ஒண்ணை எடுத்துக்கோங்க: ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் இருந்த உறங்காப்புளிங்கிற புளியமரம் இருக்கு, அத்தை அதுக்கே நாள் முழுக்க உங்களை வாழ்த்துவாங்க.

காலை ஏழரைக்கு பாளையை விட்டுக் கிளம்பி திருச்செந்தூர் ரோடு. வெயில் முகத்துல அடிக்கும்தான், ஆனா பன்னிரண்டு கிலோமீட்டருக்குள்ள கிருஷ்ணாபுரம் வந்துரும். வெங்கடாசலபதி கோயில் தூண் சிலைகளைப் பையனோட நின்னு பாருங்க. இளவரசியைத் தோள்ல தூக்கிட்டு ஓடுற குறவன், வீரபத்திரன், கர்ணன். கால் நரம்பு, நகம் வரைக்கும் கல்லுல இருக்கும். அடுத்து செய்துங்கநல்லூர், கருங்குளம் தாண்டி ஆதிச்சநல்லூர். ரோட்டை ஒட்டியே இருக்கிற பரம்பு, செத்தவங்களைத் தாழியில வச்சுப் புதைச்ச பழங்கால இடுகாடு. தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாந்தர் ரீ 1899ல இருந்து 1905 வரைக்கும் தோண்டின இடம். 2023ல தோண்டின குழிக்கு மேலயே கண்ணாடித் தளம் போட்டு, தாழியெல்லாம் கிடந்த இடத்துலயே கிடக்கிற மாதிரி காட்சியகம் திறந்தாங்க. படி ஏற வேண்டிய வேலை பெருசா இல்லை. பதினொண்ணுக்குள்ள ஆழ்வார்திருநகரி. இந்தப் பக்கம் முழுக்க வாழைத் தோட்டம்.

திருச்செந்தூர் கோயிலுக்குள்ள போகாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை, ஆனா யோசிச்சுக்கோங்க. தைப்பூசம் வரைக்கும் பச்சை கட்டினவங்க பாதயாத்திரையா வந்துட்டே இருப்பாங்க. வரிசையில நின்னா ரெண்டாம் நாள் அங்கயே முடிஞ்சுது. ரோட்டோரம் அவங்க நடக்கிறதால வண்டியையும் மெதுவாத்தான் ஓட்டணும். குரும்பூர் தாண்டி காயாமொழிப் பக்கம் திரும்பினா தேரிக்காடு, ரத்தச் சிவப்பு மணல். காரை தார் ரோட்டை விட்டு ஒரு சக்கரம்கூட இறக்காதீங்க, மணல் உள்ள இழுத்தா ஆள் கூட்டித்தான் எடுக்கணும்.

அப்புறம் உடன்குடியில கருப்பட்டி. பதனி கேட்டு அலையாதீங்க, அது பங்குனி வாக்குலதான் சூடு பிடிக்கும். இப்போ பனங்கிழங்கு. நாலு மணிக்கு மணப்பாடு. மணல் மேட்டு மேல திருச்சிலுவை ஆலயம், பிரான்சிஸ் சவேரியார் 1542ல வந்த கரை. நேரம் இருந்தா உவரி, கப்பல் வடிவத்துல மாதா கோயில் இருக்கு, பையனுக்குப் பிடிக்கும். திரும்ப திசையன்விளை, இட்டமொழி, மூலைக்கரைப்பட்டி வழியா பாளை.

லைன்வண்டி:

சார் சொன்னது எல்லாம் சரி, திரும்புத வழி மட்டும் எனக்கு ஒத்து வரலை. பகல்ல அந்த மூலைக்கரைப்பட்டி ரோடு நல்ல ரோடு, நான் வாரா வாரம் போறது. ராத்திரி வெளிச்சம் கிடையாது, ரோட்டுல மாடு படுத்திருக்கும், ஜல்லி லாரி லைட்டை இறக்கவே மாட்டான். அதனால தங்கச்சி, உங்களுக்குப் பிடிக்காத நாலுவழிச்சாலைதான் அன்னைக்கு நல்லது. திசையன்விளையில இருந்து நாங்குநேரி வந்து ஏறிருங்க. இருட்டுல வயலும் வாய்க்காலும் எப்பிடியும் தெரியாதுல்லா.

கூந்தன்குளம் இந்த ஓட்டத்துல உக்காராது. அது விடியக்காலம் போக வேண்டிய இடம், அங்க நாரை ஊருக்குள்ள வீட்டு வாசல் மரத்துலயே கூடு கட்டும். மணிமுத்தாறு தண்ணி வந்து குளம் நிறைஞ்ச வருசம்னா கூட்டம் கூட்டமா இருக்கும். மூணாவது நாள் சாயங்காலம்தான் ரயிலுன்னா, காலைல அஞ்சரைக்கு பையனை மட்டும் எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க. அத்தை தூங்கட்டும்.

பாளை மருமகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அத்தைகிட்ட படிச்சுக் காட்டினேன். கூட்டாஞ்சோறுக்கு இப்பவே முருங்கைக்கீரை சொல்லி வச்சுட்டாங்க, கல்லிடை அக்கா சொன்னது அப்படியே நடந்துதுங்க. முடிவு இதுதான்: முதல் நாள் தென்கரை, வடகரை. பிரம்மதேசம் உண்டு, அருவி இல்ல, பையன்கிட்ட பேசிட்டேன், கூந்தன்குளம் போறோம்னதும் சரின்னுட்டான். ரெண்டாம் நாள் தேரிமணல் சார் சொன்னபடி, உவரி மட்டும் நேரத்தைப் பார்த்து.

ரெண்டே சந்தேகம் அண்ணாச்சி. நாத்தனாருக்கு வைகாசியில கல்யாணம், பேர் போட்ட பாய் பத்தமடையில அன்னிக்கே கிடைக்குமா? வண்டிக்கு என்ன பார்க்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே?

லைன்வண்டி:

பேரு போட்ட பாய் அன்னைக்குக் கிடைக்காது. நெய்ய நாள் ஆகும், நயம் பாய்னா ரொம்ப ஆகும். போகும்போது பேரை ஒரு தாள்ல தெளிவா எழுதிக் குடுத்து முன்பணம் குடுத்திருங்க. எழுத்துப் பிழை வந்தா நெசவுல திருத்த முடியாது. வைகாசிக்கு நேரம் இருக்கு. சும்மா படுக்கப் பாய் வேணும்னா அன்னைக்கே கிடைக்கும், அதைச் சுருட்டி முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவுல நீளவாக்குல விட்டிருங்க, மடிக்காதீங்க.

வண்டிக்கு: பாளையிலயே டேங்கை நிரப்பிருங்க, ஸ்டெப்னில காத்து இருக்கான்னு அழுத்திப் பாருங்க. நிறைய பேரு ஸ்டெப்னி இருக்கான்னு மட்டும்தான் பாப்பாங்க. ஜாக்கி, லீவர் கையில இருக்கணும். பொட்டல்புதூர் தாண்டுனா முக்கூடல் வரைக்கும் பஞ்சர் கடையை நம்பாதீங்க. சில்லறையா 10, 20 ரூபாய் நோட்டு வச்சிக்கிடுங்க, செருப்புக் காவலுக்கும் பார்க்கிங்குக்கும் போன்ல பணம் அனுப்ப நின்னா பின்னால இருக்கவன் ஹாரன் அடிப்பான்.

அப்புறம், நீங்க கிளம்புதது செவ்வாய்க்கிழமையா இருந்தா மேலப்பாளையத்துல சந்தை. ஆடு ஏத்துன வண்டி ரோட்டை அடைச்சிக்கிட்டு நிக்கும். அன்னைக்கு மட்டும் ஆறரைன்னு இருக்காம அஞ்சே முக்காலுக்கே தாண்டிருங்க.